ஓவியமும் பாட்டும் உடையாவது எப்படி?

கேள்வி: ஆடை வடிவமைப்புப் படிப்பில் கடைசி ஆண்டில் இருக்கிறேன். இறுதித் தொகுப்புக்குச் சித்தன்னவாசல் ஓவியத்தையும் சங்கப் பாடல்களையும் எடுத்துக்கொள்ள ஆசை. ஆனால் எதை வரைந்தாலும் குர்த்தாவில் படம் அச்சடித்த மாதிரியே வருகிறது. கலை, இயற்கை, வரலாறு, இலக்கியம் இவற்றிலிருந்து ஓர் உடை எப்படிப் பிறக்கிறது? அச்சே போடக் கூடாதா?

பதில்:

உங்கள் வரைபடங்களைப் பார்க்காமலே ஒன்றைச் சொல்லிவிடலாம். மூலத்திலிருந்து நீங்கள் உருவத்தை எடுக்கிறீர்கள். தாமரையைப் பார்த்தால் தாமரையை வரைகிறீர்கள், பாட்டில் மயில் வந்தால் மயிலை வரைகிறீர்கள். வரைந்த உருவத்தை அதற்கு மேல் அச்சடிக்கவோ பூவேலை செய்யவோ மட்டும்தான் முடியும். வேறு வழி அதில் இல்லை. அந்த உருவம் எந்த ஒழுங்கில் நிற்கிறது என்று கவனித்து எடுத்தால், அதை நெய்யலாம், மடிக்கலாம், வெட்டிச் சேர்க்கலாம், சாயத்தில் கொண்டுவரலாம். மூலத்தின் ஒழுங்கும் துணியின் ஒழுங்கும் எங்கே பொருந்துகின்றன என்று தேடுவதுதான் இந்த வேலையின் உயிர். தறிக்காரர்களோடும் மாணவர்களோடும் மாறி மாறிப் பழகியதில் எனக்கு உறுதிப்பட்டது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இதன் விளக்கம்.

தொலைவுக்குப் போகாமல் காஞ்சிபுரத்திலிருந்து தொடங்குகிறேன். கரையையும் உடலையும் தனித்தனி நிறத்தில் நெய்து தறியிலேயே கோக்கும் கோர்வைப் பட்டுச் சேலை ஒன்றை எடுத்து, கரையும் உடலும் சேரும் இடத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பாருங்கள். பல்பல்லாக ஏறி நிற்கும் முக்கோண வரிசை தெரியும். கடையில் டெம்பிள் பார்டர் என்பார்கள், தறியில் ரேக்கு என்பார்கள். கோயில் நகரத்து நெசவாளர் கோபுரத்தைப் பார்த்துப் பார்த்து அதைச் சேலையில் கொண்டுவந்தார் என்று எல்லாரும் சொல்வது பாதி உண்மை. மீதிப் பாதி தறிக்குள் இருக்கிறது.

கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிற ஊடை, அதாவது குறுக்கிழை, இரண்டு கரைக்கும் வேறு நிற ஊடை. ஆக ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா மூன்று ஓட வேண்டும். அதனால்தான் பழைய முறையில் நெசவாளருக்குப் பக்கத்தில் கரை நாடாவைத் தள்ள ஓர் உதவியாள் உட்கார்ந்திருப்பார். உடல் ஊடையும் கரை ஊடையும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்ப வேண்டும். எல்லா வரிசையிலும் ஒரே பாவு இழையில் (நெடுக்கிழையில்) திரும்பினால் அங்கே நேர்கோடாக ஒரு வரி விழும், இழுபடும் பாரமெல்லாம் அந்தக் கோட்டிலேயே இறங்கும். திரும்பும் இடத்தை வரிசைக்கு வரிசை கொஞ்சம் நகர்த்தினால் பிணைப்பு பரவிவிடுகிறது. அப்படி நகர்த்திக்கொண்டே போய் மறுபடி பழைய இடத்துக்கு வரும்போது துணியில் மிஞ்சுவது படிப்படியாகக் குறுகும் முக்கோணம். கோபுரமும் நிலைக்கு நிலை குறுகித்தான் மேலே போகிறது. தறிக்கு வசதியான உருவமும் தெருமுனையில் நின்ற உருவமும் ஒன்றாக அமைந்ததால் இந்தக் கரை தலைமுறை தலைமுறையாக நின்றுவிட்டது.

கோபுரத்தில் என்னவெல்லாம் இருக்கின்றன என்று நினைத்துப் பாருங்கள். சுதைச் சிற்பம், கலசம், துவாரபாலகர், வாசல். கரையில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. குறுகி ஏறும் ஒழுங்கு மட்டும் இருக்கிறது. அது போதுமாக இருக்கிறது. ருத்திராட்சம், மயில்கண், மல்லிமொக்கு, வாழைப்பூ, சலங்கை என்று காஞ்சிபுரத்தில் பெயர் சொல்லும் கோலங்கள் எல்லாமே இப்படி உரித்து எடுத்த சாரங்கள்தான்.

கலைக்கு வருவோம். பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் ஈவ் செயின்ட் லாரன் 1965இல் செய்த மோந்திரியான் உடைகளை உங்கள் வகுப்பில் காட்டியிருப்பார்கள். வெள்ளைத் தளம், கருப்புப் பட்டை, சிவப்பு, மஞ்சள், நீலக் கட்டங்கள். ஓவியர் பியெத் மோந்திரியான் 1944லேயே இறந்துவிட்டார். படத்தில் பார்க்கும்போது ஓவியத்தை அப்படியே ஒட்டியது போல இருக்கும். உண்மையில் ஒவ்வொரு கட்டமும் தனித்தனி கம்பளி ஜெர்சித் துண்டு. அவற்றை வெட்டிச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்து உடை இடுப்புப் பிடிக்காமல் நேராகத் தொங்கும் பை போன்றது, ஓவியத் திரையைப் போலவே தட்டையானது. ஆனாலும் உடம்பு தட்டையானதில்லையே. மார்புக்கும் தோளுக்கும் தேவையான வளைவை எங்கே ஒளிப்பது? கட்டங்கள் சேரும் தையல் கோடுகளுக்குள்ளேயே ஒளித்துவிட்டார்கள். ஓவியத்தில் தளத்தைப் பிரிக்கும் கோடு, உடையில் தளத்தைப் பிரித்துக்கொண்டே உடம்பையும் தாங்குகிறது. ஒரே கோடு இரண்டு வேலை பார்க்கிறது. அந்த உடையைப் பார்த்து அச்சடித்த போலிகள் உலகம் முழுக்க வந்தன. அவற்றில் கோடு வெறும் மை.

இதே கண்ணோடு வெனிசிலிருந்த ஆடை வடிவமைப்பாளர் மரியானோ ஃபோர்த்துனியையும் பாருங்கள். கிரேக்கத்தின் டெல்ஃபியில் 1896இல் வெண்கலத் தேரோட்டி சிலை ஒன்று கிடைத்தது. இடுப்புக்குக் கீழே அவன் அங்கி தூணின் வரிகளைப் போல நேராக விழும். ஃபோர்த்துனி தேரோட்டியையும் வரையவில்லை, தேரையும் வரையவில்லை. அந்த விழுதலை மட்டும் எடுத்து, மெல்லிய பட்டில் நுண்ணிய கொசுவங்களாக நிரந்தரமாகப் பதித்தார். 1909இல் காப்புரிமை பெற்ற டெல்ஃபோஸ் அங்கி அது. பட்டு மிக லேசானது, காற்றில் எழும்பிவிடும், சிலையின் கனம் அதற்கு வராது. அதற்காக ஓரங்களில் முரானோ கண்ணாடி மணிகளைக் கோத்தார்கள். மணி அழகுக்கும் ஆனது, துணியைக் கீழே இழுக்கும் எடைக்கும் ஆனது. இந்தக் கண்டுபிடிப்பு உண்மையில் தன் மனைவி ஹென்றியத் நெக்ரானுடையது என்று காப்புரிமைத் தாளின் ஓரத்தில் ஃபோர்த்துனியே எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பெயரையும் சேர்த்து நினைவில் வையுங்கள், பல பாடங்களில் அது விடுபட்டுப் போகிறது.

இனி உங்கள் சித்தன்னவாசல். புதுக்கோட்டைக்கு அருகே குன்றைக் குடைந்து எடுத்த அறிவர் கோயில். 9ஆம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்தில், இளங்கௌதமன் என்ற ஆசிரியர் இதைப் புதுப்பித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. அங்கே போகும் மாணவர்கள் பெரும்பாலும் தூணில் இருக்கும் ஆடல் மகளின் உருவத்தை வரைந்துகொண்டு திரும்புகிறார்கள். அது சிதைந்திருந்தாலும் பேரழகு, மறுக்கவில்லை. ஆனால் துணிக்காரர் அண்ணாந்து பார்க்க வேண்டியது விதானத்தைத்தான்.

அங்கே ஒரு தாமரைக்குளம். இலை, மொட்டு, மலர், மீன், அன்னம், யானை, எருமை, பூப்பறிக்கும் ஆடவர். இதில் கவனிக்க வேண்டியது, அடிவானம் என்று ஒரு கோடு இல்லை. குளம் கண்ணுக்கு எதிரே தொலைவாக விரியாமல் பரப்பு முழுவதையும் இலையும் பூவும் தண்டுமாக நிரப்பி நிற்கிறது. உயிர்கள் அந்த இலைகளுக்கு நடுவே பாதி தெரிந்தும் பாதி மறைந்தும் இருக்கின்றன. முன்னால் எது, பின்னால் எது என்பதை இலை ஒன்றை ஒன்று மறைக்கும் விதமே சொல்லிவிடுகிறது. துணியிலும் அடிவானம் கிடையாது. துணியும் எல்லாப் பக்கமும் ஓடிக்கொண்டே இருக்கும் பரப்பு. பொருத்தம் இங்கே இருக்கிறது.

நானாக இருந்தால் இரண்டு அடுக்குத் துணியை எடுப்பேன். மேலே செங்காவி அல்லது பாசிப்பச்சையில் கைத்தறிப் பருத்தி. அதில் இலை வடிவங்களுக்கு இடையே மிஞ்சும் வெற்றிடங்களை வெட்டி, விளிம்பை மடித்துத் தைத்து, கீழே இருக்கும் வெளிர்நிறத் துணி தெரியும்படி விடுவேன். இலையை வரைய வேண்டாம், இலைகளுக்கு நடுவிலிருக்கும் தண்ணீரை வெட்டுங்கள். நடக்கும்போது மேலடுக்கு அசைந்து திறப்புகள் சற்றே விரியும், குறுகும். கீழடுக்கில் மிகச் சில இடங்களில் மட்டும் ஒரு மீனின் செதிலுக்கான தையல் போதும். பார்ப்பவர் தேடிக் கண்டுபிடிக்கட்டும், ஓவியத்திலும் தேடித்தான் பார்க்கிறோம். நிறத்துக்கு வேறெங்கும் போக வேண்டாம். சுண்ணாம்பு வெள்ளை, கருப்பு, மஞ்சள் காவி, செங்காவி, பச்சை, கொஞ்சம் நீலம் என்று அந்த விதானம் கட்டுப்பாட்டோடுதான் பேசுகிறது. எந்த நிறம் எவ்வளவு பரப்பு என்ற விகிதத்தை முதலில் ஒரு தாளில் பட்டை பட்டையாகப் போட்டுப் பாருங்கள். நிறங்களை மட்டும் எடுத்துக்கொண்டு விகிதத்தை விட்டுவிட்டால் சித்தன்னவாசல் போய்விடும், காவிநிறச் சுடிதார் மிஞ்சும்.

அதே கோயிலின் கருவறை விதானத்தில், கட்டமும் வட்டமுமாகக் கம்பளம் விரித்த மாதிரி ஒரு கோலம் இருக்கிறது. துணியைப் பார்த்து ஒருவர் கல்லில் தீட்டியிருக்கிறார். நீங்கள் அதை மறுபடி துணிக்குக் கொண்டுவந்தால் பதினோரு நூற்றாண்டு கழித்து அது வீடு திரும்புகிறது என்று சொல்லலாம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

இலக்கியம்தான் எல்லாவற்றிலும் கடினம், எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். பாட்டில் வரும் பொருள்களைப் பட்டியல் போட்டு வரைவதில் பயனில்லை. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களைச் சொன்னார் என்பதற்காக 99 பூவையும் ஒரு பாவாடையில் அச்சடித்தால் அது தாவரவியல் அட்டவணை. உவமையைப் பிடியுங்கள். சங்கப் புலவர்கள் துணியைப் பற்றிப் பேசும்போது சொன்ன உவமைகள் தொழில் தெரிந்தவர்கள் பேச்சைப் போலத் துல்லியமானவை.

கரிகாலன் பொருநனுக்கு உடை கொடுத்ததைப் பொருநராற்றுப்படை இப்படிச் சொல்கிறது:

நோக்கு நுழைகல்லா நுண்மைய பூக்கனிந்து
அரவுரி அன்ன அறுவை நல்கி

இழை எங்கே போகிறது என்று பார்வை நுழைந்து காண முடியாத நுண்மை, அதில் பூவேலை, மொத்தத்தில் பாம்பு உரித்த சட்டை போன்ற துணி. பாம்புச்சட்டை என்றதும் மெல்லியது, வழவழப்பானது என்று உரையாசிரியர் வழியில் கடந்துவிடுகிறோம். ஒரு முறை உண்மையான பாம்புச்சட்டையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், கிராமத்துப் பக்கம் வேலியோரம் கிடைக்கும். அது ஒரே சீரான தாள் இல்லை. செதில் இருந்த இடம் ஒவ்வொன்றும் சற்றுத் தடித்து, பால்நிறமாகத் தெரியும். செதிலுக்கும் செதிலுக்கும் நடுவே இருப்பது அதைவிட மெல்லிய சவ்வு. அங்கே ஒளி தடையில்லாமல் வரும். முதுகுப் பக்கம் சிறு சிறு சாய்சதுரங்கள், வயிற்றுப் பக்கம் குறுக்கே அகன்ற பட்டைகள். தளம் கண்ணாடி போல, உருவம் மட்டும் அடர்த்தியாக.

இது அப்படியே ஜாம்தானி. மெல்லிய தளத்தில், பூ வரும் இடத்தில் மட்டும் கூடுதல் ஊடையைக் கையால் கோத்துச் செல்லும் நெசவு. தளம் ஒளியை விடும், பூ ஒளியை மறிக்கும். 'பூக்கனிந்து' என்றும் 'அரவுரி' என்றும் புலவர் அடுத்தடுத்து வைத்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் பார்த்த துணி எந்த நெசவில் ஆனது என்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால் வடிவமைப்பவருக்கு இந்த இரண்டு அடியில் முழு உடையும் இருக்கிறது. நிறம் வேண்டாம், வெள்ளைமேல் வெள்ளை. முதுகில் சிறு சாய்சதுரம், முன்புறம் அகன்ற குறுக்குப் பட்டை. பாம்பு எங்கும் தெரியக் கூடாது.

புறநானூறு 383ஆம் பாட்டு இதே பாம்புரியைச் சொல்லி, மூங்கிலின் உட்புறத் தோலையும் சேர்த்துக்கொள்கிறது. பெரும்பாணாற்றுப்படை 'ஆவி அன்ன அவிர்நூற் கலிங்கம்' என்கிறது. திருமுருகாற்றுப்படை புகையை முகந்தது போன்ற உடை என்கிறது. சவ்வு, தோல், ஆவி, புகை என்று நான்கும் நான்கு வகையான மெல்லிய தன்மை. மூங்கில் தோல் விறைப்பாக நிற்கும், ஆவி கலையும், புகை திரளும். ஆர்கன்சா, மல், ஜார்ஜெட், டிஷ்யூ என்று துணிக்கடையில் நாம் பிரிப்பதும் ஏறக்குறைய இதைத்தான். நான்கு உவமைக்கு நான்கு துணித் துண்டு தேடிக் கண்டுபிடிப்பதையே உங்கள் தொகுப்பின் முதல் வேலையாக வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு பாட்டு. புறநானூறு 248, ஒக்கூர் மாசாத்தனார் பாடியது. கணவனை இழந்த பெண் ஆம்பலைப் பார்த்துப் பேசுகிறாள். இளமையில் இந்தச் சிறு வெள்ளாம்பல் எனக்குத் தழையாடை ஆனது, இன்று அவன் மறைந்தபின் வேளை தப்பி உண்ணும் புல்லரிசி ஆகிவிட்டது என்கிறாள். ஒரே செடி அன்று உடை, இன்று உணவு. இதை வாசித்துவிட்டு ஆம்பல் பூவைச் சேலையில் போட்டால் பாட்டின் பாதி விழுந்துவிடும். அந்தப் பெண்ணுக்கு ஆம்பலின் பூவும் தழையும் ஒரு காலம், அல்லி அரிசி இன்னொரு காலம். ஒரு பாவாடையின் மேலடுக்கில் இலையாகவும் இதழாகவும் வெட்டித் தொங்கும் தழை வரிசை, அதைத் தூக்கினால் கீழடுக்கில் விதையளவே ஆன முடிச்சுத் தையல்கள் பரவியிருக்கும் வெறும் காடாத் துணி. நடக்கும்போது ஒன்று தெரியும், உட்கார்ந்து மடி ஒதுங்கும்போது மற்றது தெரியும். கைம்மை நோன்பின் கொடுமையைப் பற்றிய பாட்டு இது, அதனால் மணப்பெண் உடையாக்க வேண்டாம். மூலத்தின் உணர்ச்சி என்ன என்று கேட்காமல் அழகை மட்டும் எடுப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

ஐந்திணையை எடுத்துக்கொள்ளும் மாணவர்கள் நிறையப் பேர். ஐந்து திணை, ஐந்து உடை, ஒவ்வொன்றிலும் அந்தந்தப் பூ என்று முடித்துவிடுகிறார்கள். பூவைவிடப் பொழுது பயன்படும். குறிஞ்சிக்கு யாமம், முல்லைக்கு மாலை, மருதத்துக்கு விடியல், நெய்தலுக்கு எற்பாடு என்ற பொழுது சாயும் நேரம், பாலைக்கு நண்பகல். ஒவ்வொரு பொழுதின் வெளிச்சத்திலும் ஒரே வெள்ளைத் துணி எப்படித் தெரிகிறது என்று பார்த்தாலே ஐந்து நிறக் குடும்பம் கிடைத்துவிடும். ஐந்தையும் செய்ய வேண்டியதில்லை. ஒன்றே ஒன்றை எடுத்து ஆழமாகப் போங்கள்.

இயற்கையைப் பற்றித் தனியாகக் கேட்டீர்கள். அதற்கு மயில்கழுத்து நிறம் ஒன்றே போதும். நீலப் பாவும் பச்சை ஊடையுமாக நெய்த பட்டு, ஒரு பக்கம் சாய்த்தால் நீலமாகவும் மறுபக்கம் சாய்த்தால் பச்சையாகவும் மின்னும். மயிலின் கழுத்தில் அந்த நீலம் சாயமாக இல்லை. இறகின் மிக நுண்ணிய அடுக்கமைப்பு ஒளியைத் திருப்பும் விதத்தில் அந்த நிறம் உண்டாகிறது. பட்டிலும் அந்த மின்னும் நிறம் எந்தச் சாயத்தொட்டியிலும் இல்லை. இரண்டு நிற இழைகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும் அமைப்பில் அது பிறக்கிறது. அறிவியல் விளக்கம் வருவதற்கு எவ்வளவோ முன்பே நெசவாளர் கண்ணால் பார்த்து அதே வழியைப் பிடித்திருக்கிறார். மயில் உருவம் போட்ட ஆயிரம் சேலைகளைவிட மயிலுக்கு நெருக்கமானது உருவமே இல்லாத அந்த ஒற்றைப் பட்டு. இயற்கையிலிருந்து செயல்பாட்டையும் எடுக்கலாம். நம்மூர் நாயுருவி போல ஒட்டிக்கொள்ளும் ஒரு காயைத் தன் உடையிலும் நாயின் மயிரிலும் பார்த்து, 1941இல் யோசிக்கத் தொடங்கிய சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் த மெஸ்த்ராலால்தான் வெல்க்ரோ என்ற ஒட்டுப்பட்டை வந்தது.

வரலாறு என்றதும் ராஜராஜன் காலத்து உடை என்று நகையும் கச்சையும் தேடுகிறார்கள், அது நாடக உடைக்கான வேலை. வடிவமைப்பவர் வரலாற்றிலிருந்து கற்க வேண்டியது பெரும்பாலும் செய்முறையின் வரிசை. கோடாலிக் கருப்பூர்ச் சேலையை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய அரியலூர் மாவட்டத்து ஊர், தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்காக நெய்தார்கள். முதலில் பருத்தியில் ஜாம்தானி முறையில் சரிகையைக் கோத்து நெய்வது. பிறகு அதே துணியில் மெழுகால் எழுதி, அச்சுப் பதித்து, சாயம் ஏற்றுவது. அடர்ந்த சிவப்பும் கருப்பும் தளத்தை மூடிக்கொள்ள, சரிகை அவற்றுக்கு அடியிலிருந்து மங்கலாக ஒளிரும். தங்கத்தைப் போட்டுவிட்டு அதை அடக்கிவைக்கும் துணிச்சல் எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள். 1855இல் தஞ்சை அரசு ஆங்கிலேயர் கைக்குப் போனது, ஆதரித்தவர்கள் இல்லாமல் அந்த நூற்றாண்டோடு வேலையும் நின்றது. பிற்காலத்தில் மீட்டெடுக்கும் முயற்சிகள் நடந்தன.

இந்தச் சேலையின் பூவையும் கட்டத்தையும் அச்செடுத்து விற்பவர்கள் உண்டு. அதன் சாரம் நெசவுக்குப் பின் சாயம் என்ற வரிசையில் இருக்கிறது. பளபளப்பான சரிகைத் துணி ஒன்றை வாங்கி அதன்மேல் அடர்சாயம் ஏற்றிப் பாருங்கள், அந்த வரிசையின் ருசி தெரியும். இன்றைய சரிகையில் பிளாஸ்டிக் கலந்தது அதிகம். சூட்டில் சுருங்குமா, நிறம் மாறுமா என்று சிறு துண்டில் பார்த்துவிட்டு முழுத் துணியைத் தொட்டியில் போடுங்கள்.

பழையதை எடுத்து இன்றைக்கு உரியதாக்குவதற்கு நம்மிடமே நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. கலாக்ஷேத்திராவில் ருக்மிணி தேவி 1937இல் நெசவுக்கூடம் தொடங்கினார். பழைய சேலைகளைத் தேடிப் பார்த்து, அகன்ற கோர்வைக் கரை, எதிரெதிர் நிறங்கள், பழைய கோலங்கள் ஆகியவற்றை மறுபடி தறியில் ஏற்றினார்கள். எதை எடுப்பது, எதை விடுவது என்ற தேர்வுதான் கலாக்ஷேத்திராச் சேலை என்று தனியாகத் தெரியும் ஒரு முகத்தைக் கொடுத்தது. ஓவியர்கள் துணிக்கு வந்த கதையும் சென்னையிலேயே உண்டு. கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானபோது, பாத்திக் போன்ற கைவினைகளைச் செய்து விற்றுத்தான் அவர்கள் ஓவியம் தீட்டப் பொருள் தேடிக்கொண்டார்கள்.

அச்சு போடக் கூடாதா என்ற கேள்விக்கு: தாராளமாகப் போடலாம். சோழமண்டலக் கரையில் கையால் வரைந்த துணிகளும் அச்சுத் துணிகளும் ஐரோப்பாவையே ஆட்டிவைத்தவை. பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை அவற்றுக்குத் தடையே போட்டது. சாயவேரின் சிவப்பு படிகாரத்தோடு சேர்ந்து இழைக்குள் இறங்கி நின்றதால் துவைத்தாலும் போகவில்லை. அங்கே வரைபவருக்கு ரசாயனமும் தெரிந்திருந்தது. ஆங்கில வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸ் தன் தோட்டத்தில் ஸ்ட்ராபெர்ரி திருடும் பறவைகளைப் பார்த்து 1883இல் செய்த அச்சுத் துணியும் அப்படித்தான். அவுரியில் முழுத் துணியையும் முக்கி, வேண்டிய இடத்தில் நிறத்தை நீக்கி, அதில் மற்ற நிறங்களை ஏற்றியது. பறவைகள் எதிரெதிரே நிற்க, கோலம் எங்கே முடிந்து எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் ஓடும். திரும்ப வரும் அலகை அவ்வளவு யோசித்து அமைத்திருக்கிறார்.

ஒற்றைப் படமாகவே போட வேண்டுமென்றால், எங்கே போடுகிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது. ஆடை வடிவமைப்பாளர் எல்சா ஸ்கியாபரெல்லி 1937இல் ஓவியர் சால்வதோர் தாலி வரைந்த நண்டினமான லாப்ஸ்டர் ஒன்றை வெள்ளை மாலையுடையின் பாவாடை முன்புறத்தில் பெரிதாக அச்சிட்டார். அதே படத்தைத் தோளில் சிறிதாகப் போட்டிருந்தால் யாரும் நினைவு வைத்திருக்க மாட்டார்கள். சேலைக்கு இது இன்னும் முக்கியம். ஐந்தரை மீட்டர் துணியில் உடலின் பெரும்பகுதி கொசுவத்துக்குள் போய்விடும். வெளியே தெரிவது முந்தானை, காலடியில் ஓடும் கரை, மார்புக்குக் குறுக்கே போகும் பட்டை. கதைக்காட்சியைக் கொசுவத்தில் வரைந்துவிட்டு யாரும் பார்க்கவில்லையே என்று வருந்திப் பயனில்லை. தாளில் விரித்து வரையாதீர்கள். மலிவான காடாத் துணியை ஒருவருக்குக் கட்டிவிட்டு, கட்டிய நிலையிலேயே பென்சிலால் குறியுங்கள். தெய்வ உருவம் காலடிக் கரையில் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டியதும் அப்போதுதான் கண்ணில் படும்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வாழும் சமூகத்தின் கைவேலையை, கோயில் ஓவியத்தை எடுப்பது போல எடுக்கக் கூடாது. நீலகிரித் தோடர்களின் பூவேலை வெண்ணிறப் பருத்தியில் சிவப்பும் கருப்புமாக, முன்கூட்டி எதையும் வரைந்துகொள்ளாமல் இழையை எண்ணி எண்ணிப் பெண்கள் செய்வது. 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. அதை ஸ்கேன் செய்து பாலியஸ்டரில் அச்சடித்துத் தோடா என்று பெயர் போட்டு விற்பது திருட்டு, வேறு சொல் இல்லை. அந்த வேலை வேண்டுமென்றால் அவர்களிடம் செய்து வாங்குங்கள், அவர்கள் கேட்கும் விலையைக் கொடுத்து, பெயரையும் போட்டு. முடியாதென்றால் எண்ணித் தைக்கும் ஒழுக்கத்தை மட்டும் கற்றுக்கொண்டு கோலத்தை நீங்களே உருவாக்குங்கள்.

உங்கள் தொகுப்பில் பாம்புரியையோ தாமரைக்குளத்தையோ நெய்து பார்க்க முடிவெடுத்தால், வரைபடத்தை முடித்துக்கொண்டு தறிக்குப் போகாதீர்கள். பாதியில் போங்கள். கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கட்டமும் ஒரு பாவும் ஊடையும் குறுக்கிடும் இடம். நீங்கள் வளைவு என்று வரைந்தது அங்கே படிக்கட்டாகும், அதை எந்தப் படியில் திருப்பினால் வளைவாகத் தெரியும் என்று நெசவாளர் உடனே சொல்வார். புதிய வடிவத்துக்காகத் தறியை மாற்றிக் கட்டி, கோலத்துக்கான துளை அட்டை ஏற்றி, மாதிரி ஓட்டும் நாட்களில் அவருக்கு வழக்கமான சேலை ஓடாது, வருமானமும் இருக்காது. அந்த நாட்களுக்கும் சேர்த்துக் கூலி பேசிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.